காணப்படுவதற்கான வாடகை: தேடுபொறியும் சிறுவணிகரும்

ஒரு கடையின் வாழ்வு அது விற்கும் பண்டத்தை மட்டுமன்றி அது அமைந்துள்ள இடத்தையும் பொறுத்தது என்பதை வணிகர் நெடுங்காலமாக அறிந்துள்ளனர். பஸ் நிலையத்துக்கு எதிரேயுள்ள கடைக்கும் ஒழுங்கையொன்றின் உட்புறத்திலுள்ள கடைக்குமிடையே பண்டத்தின் தரத்தில் வேறுபாடு இல்லாதிருக்கலாம். வாடகையில் வேறுபாடு உண்டு. முன்னதைக் கடந்துசெல்வோர் பலர். அவர்களின் கண்ணிற் படும் வாய்ப்புக்காகவே அந்த மேலதிக வாடகை செலுத்தப்படுகின்றது. வாடகை எவ்வாறு தோன்றுகின்றது என்பதை டேவிட் ரிக்காடோ 1817இல் விளக்கினார். 'மூலதனம்' நூலின் மூன்றாம் பாகத்திலே (1894) கார்ல் மார்க்ஸ் அதனை மேலும் ஆழமாக ஆராய்ந்தார். நிலத்தின் வளம், இருப்பிடம் என்பவற்றால் விளையும் மேலதிக ஆதாயம், உழைத்தவனைச் சேராது நிலத்தின் உடைமையாளனைச் சென்றடைகின்றது என்பது அவ்வாராய்ச்சியிலிருந்து நாம் பெறும் அடிப்படை உண்மையாகும்.

கடந்த கால் நூற்றாண்டிலே புதியதொரு வீதி உருவாகியுள்ளது. பண்டம் வேண்டுவோன் இன்று வீதியில் இறங்குமுன்னர் தனது கைத்தொலைபேசியிலுள்ள தேடுபொறியை வினவுகின்றான். அது தரும் பட்டியலின் முதற்பக்கமே பெருவீதி. இரண்டாம் பக்கம் பலரும் நுழையாத ஒழுங்கை. இப்பெருவீதியில் இடம்பிடிக்கும் முயற்சியே டிஜிட்டல் சந்தைப்படுத்தல் என்றும், அதன் ஒரு கூறாகிய தேடுபொறி உகப்பாக்கம் என்றும் வழங்கப்படுகின்றது. இவை பெரும்பாலும் வெறும் உத்திகளாகவே போதிக்கப்படுகின்றன. உத்திகளை அறிந்தவன் முன்னேறுவான், அறியாதவன் பின்தங்குவான் என்பது அப்போதனையின் சாரம். அது பாதி உண்மையே என்பது எமது கருத்து. உத்தி கற்கத்தக்கது, ஆனால் எல்லோரும் அதனைக் கற்றபின் அதனால் விளையும் ஆதாயம் வீதியின் உடைமையாளனுக்கு வாடகையாகச் சென்றுவிடுகின்றது. இது நிகழும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தேடுபொறி இயங்கும் முறை

தேடுபொறியின் தொழிற்பாட்டை மூன்று படிகளாக வகுத்து நோக்கலாம். முதலாவதாக, தானியங்கி நிரல்கள் ஓர் இணையத்தளத்திலிருந்து மற்றொன்றுக்கு அவற்றிடையேயுள்ள இணைப்புகளின் வழியாகச் சென்று பக்கங்களைத் திரட்டுகின்றன. இரண்டாவதாக, அப்பக்கங்களிலுள்ள சொற்கள் ஒரு மாபெரும் சொல்லடைவாகத் தொகுக்கப்படுகின்றன. பழந்தமிழ் நூல்களுக்குச் சொல்லடைவு அமைத்தோர் செய்த பணியை இது ஒத்தது: எச்சொல் எங்கு வருகின்றது என்பதே குறிக்கப்படுகின்றது. மூன்றாவதாக, ஒருவர் வினவும்போது அச்சொற்களைக் கொண்ட எண்ணற்ற பக்கங்களுள் எதனை முன்வைப்பது என்ற வரிசைப்படுத்தல் நிகழ்கின்றது. அதிகாரம் உறைவது இம்மூன்றாம் படியிலேயாம்.

1998இல் லரி பேஜ், சேர்ஜி பிறின் ஆகிய இரு ஆய்வு மாணவர்கள் கலிபோர்ணியாவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியிட்ட முறை இப்படியிற் பெருமாற்றத்தை விளைவித்தது. பக்கமொன்றில் ஒரு சொல் எத்தனை முறை வருகின்றது என்பதிலும், அப்பக்கத்தை எத்தனை பிற பக்கங்கள் சுட்டி நிற்கின்றன என்பதையும், சுட்டுவன தாமே எத்துணை மதிப்புடையன என்பதையும் அது முதன்மையாகக் கொண்டது. பல்கலைக்கழகத்தினருக்கு இது புதிய சிந்தனையன்று. ஓர் ஆய்வுக்கட்டுரையின் மதிப்பை அதனை மேற்கோள் காட்டிய கட்டுரைகளைக் கொண்டு அளக்கும் மரபு, யூஜின் கார்பீல்ட் 1964இல் வெளியிடத் தொடங்கிய அறிவியல் மேற்கோட் சுட்டியிலேயே உருப்பெற்றிருந்தது.

இங்கு இரு விடயங்கள் மனங்கொள்ளத்தக்கன. முதலாவது, அமெரிக்க அரசின் தேசிய விஞ்ஞான நிதியத்தின் உதவிபெற்ற ஆய்வுத் திட்டமொன்றின் சூழலிலேயே இம்முறை தோன்றியது. இரண்டாவது, அது பயன்படுத்தும் மூலப்பொருள் உலகெங்குமுள்ள மக்கள் தத்தம் பக்கங்களில் இட்ட இணைப்புகளாகும். ஆசிரியரும் மாணவரும் வணிகரும் பொழுதுபோக்காக எழுதியோரும் யாதொரு கூலியுமின்றி ஆற்றிய கூட்டு உழைப்பின் விளைவாகவே அவ்வரிசை பிறக்கின்றது. பொதுநிதியும் பொதுமக்களின் உழைப்பும் சேர்ந்து உண்டாக்கிய வீதி ஒரு தனியார் கம்பனியின் உடைமையாகியது. இன்னொன்றையும் குறிப்பிடுதல் வேண்டும். விளம்பர வருவாயில் தங்கியுள்ள தேடுபொறி இயல்பாகவே விளம்பரதாரர் பக்கம் சாயும், நுகர்வோரின் தேவையிலிருந்து விலகும் என்று பேஜும் பிறினும் தமது 1998ஆம் ஆண்டுக் கட்டுரையின் பிற்சேர்க்கையிலே தாமே எச்சரித்திருந்தனர். இரண்டு ஆண்டுகளின் பின்னர் அவர்களின் கம்பனியே விளம்பரம் விற்கத் தொடங்கியது.

2. உகப்பாக்கம் என்னும் உழைப்பு

தேடுபொறி உகப்பாக்கம் என்பது, தனது பக்கத்தைத் தேடுபொறி எளிதிற் படித்து விளங்கி முன்வைக்கத்தக்கதாக அமைக்கும் உழைப்பாகும். இதில் மந்திரம் ஏதுமில்லை. பக்கத்தின் தலைப்பு அதன் பொருளைத் தெளிவாகக் கூறுதல் வேண்டும். வாடிக்கையாளர் வினவும் கேள்விக்கு அப்பக்கம் உண்மையான விடை தருதல் வேண்டும். கைத்தொலைபேசியில் அது விரைவாகத் திறத்தல் வேண்டும். 2018 யூலையிலிருந்து கூகுள் இதனைத் தனது அளவுகோல்களுள் ஒன்றாகக் கொண்டுள்ளது. பிற தளங்கள் அதனைச் சுட்டத்தக்க தகைமை அதற்கு இருத்தல் வேண்டும். ஓர் ஊருக்குள் வணிகஞ் செய்வோரைப் பொறுத்தவரை, வினவுவோனின் தேவைக்குப் பொருந்துதல், அவனிடமிருந்துள்ள தூரம், கடையின் பெயர்பரம்பல் ஆகிய மூன்றுமே வரிசையைத் தீர்மானிப்பன என்று கூகுள் அறிவித்துள்ளது. எனவே கடையின் பெயர், முகவரி, தொலைபேசி எண், திறந்திருக்கும் நேரம் என்பன எல்லா இடங்களிலும் ஒரே மாதிரியாக இருத்தலும், உண்மையான வாடிக்கையாளரின் கருத்துரைகள் இடம்பெறுதலும் பயன் தருவன. இவற்றுட் பல பணச் செலவின்றிச் செய்யக்கூடியவை.

இவ்வுழைப்பிலே மொழியறிவு பெரும்பங்கு வகிக்கின்றது. தேடுவோன் தன் வாயில் வரும் சொல்லையே தட்டச்சிடுகின்றான். ஈழத்துத் தமிழர் புடைவைக் கடை என்பதைத் தமிழகத்தார் ஜவுளிக்கடை என்பர். நாம் சவர்க்காரம் என்பதை அவர்கள் சோப்பு என்பர். வேற்றுமை உருபேற்கும்போது தமிழ்ச் சொல்லின் வடிவம் மாறுவதும், தமிழ்ச் சொல்லையே ரோமன் எழுத்திற் பலர் பலவாறு தட்டச்சிடுவதும் இச்சிக்கலை மேலும் பெருக்குகின்றன. யாருக்கு விற்க முயல்கின்றோமோ அவர்களின் வழக்கை அறிந்து எழுதும் சிறுவணிகன், ஆங்கிலத்தில் வார்க்கப்பட்ட விளம்பரத்தை இயந்திரத்தால் மொழிபெயர்த்து இடும் பெருவணிகனை இந்த ஒரு துறையிலாயினும் விஞ்சமுடியும்.

ஆயின், இவ்வுழைப்பின் பயன் நிலையானதன்று. வரிசைப்படுத்தும் விதிகளை ஆக்குவதும் மாற்றுவதும் தேடுபொறியின் உடைமையாளரே. 2003 நவெம்பரில், நத்தார் வியாபாரம் தொடங்கும் வேளையில், 'புளோரிடா' எனப் பெயர்பெற்ற மாற்றம் நிகழ்ந்தபோது இணையத்தில் விற்ற சிறுவணிகர் பலர் தமது இடத்தை ஓரிரவில் இழந்தனர். 2011 பெப்ரவரியில் நிகழ்ந்த 'பாண்டா' மாற்றம் அமெரிக்கத் தேடல்களில் ஏறத்தாழ 12 வீதத்தைப் பாதித்ததாகக் கூகுளே கூறியது. 2012 ஏப்பிரிலில் 'பென்குயின்' வந்தது. இம்மாற்றங்களுக்கு நியாயம் இல்லாமலில்லை. சொற்களைப் பொருளின்றி அடுக்கியும், இணைப்புகளை விலைக்கு வாங்கியும் ஏய்ப்போர் பெருகினர். அவர்களைக் களைதல் தேடுவோருக்கு நன்மையே. இத்தகைய ஏய்ப்புச் சிறியோருக்கு மட்டும் உரியதுமன்று. ஜேர்மனியின் பீ.எம்.டபிள்யூ. கார்க் கம்பனியின் தளம் 2006 பெப்ரவரியில் இதன் பொருட்டு நீக்கப்பட்டது. தவற்றைத் திருத்திக்கொண்டதும் சில நாட்களுள் மீளச் சேர்க்கப்பட்டது. அமெரிக்காவின் ஜே. சீ. பென்னி பேரங்காடி விலைக்கு வாங்கப்பட்ட இணைப்புகளால் முன்னணியில் நின்றமையை 2011இல் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை வெளிப்படுத்தியது. எமது வினா, விதி இருக்கலாமா என்பது பற்றியதன்று. விதியை ஆக்குபவனே நடுவனாகவும் தண்டிப்பவனாகவும், போட்டியிடும் வணிகனாகவும் இருக்கையில் முறையீடு எங்கே செய்வது என்பதே வினா.

3. ஏலமும் வாடகையும்

உழைப்பால் இடம்பிடிக்க இயலாதவனுக்கு, அன்றேல் பொறுத்திருக்க வசதியற்றவனுக்கு, மற்றொரு வழி உண்டு. அது விலைகொடுத்து இடம் வாங்குதலாகும். தேடற்சொற்களை ஏலத்தில் விடும் முறையை 1998இல் பில் குறொஸ் என்பவரின் 'கோரு' என்ற தேடுபொறி தொடக்கிவைத்தது. கூகுள் 2000 ஒக்ரோபரில் விளம்பர விற்பனையை ஆரம்பித்து, 2002இல் ஏலமுறையைத் தழுவியது. அங்கு விளம்பரதாரன் தன் விளம்பரம் காட்டப்படுவதற்கு அல்லாது, அதனை ஒருவர் சொடுக்கும்போது மட்டுமே பணம் செலுத்துகின்றான். அவனது இடத்தைக் கேள்விவிலை மட்டும் தீர்மானிப்பதில்லை. விளம்பரம் சொடுக்கப்படும் வாய்ப்பு முதலியவற்றைக் கொண்டு தரப்புள்ளி ஒன்று கணிக்கப்படுகின்றது. கேள்விவிலையும் தரப்புள்ளியும் பெருக்கப்பட்டு வரிசை அமைகின்றது. வென்றவன் தான் கேட்ட விலையை முழுவதும் செலுத்தாது, தனக்கு அடுத்தவனை விஞ்சுவதற்குப் போதுமான தொகையைச் செலுத்துகின்றான்.

இதன் அடிப்படை வடிவத்தைக் கற்பனையான கணக்கொன்றினால் விளக்குவோம். கைவினைப் பொருள் விற்கும் சிறுவணிகை ஒருத்திக்கு ஒரு விற்பனையில் எஞ்சும் இலாபம் 900 ரூபா என்க. அவளது தளத்துக்கு வரும் 100 பேரில் 4 பேர் வாங்குகின்றனர். அவ்வாறாயின் 100 சொடுக்குகளால் அவள் பெறுவது 3,600 ரூபா. ஒரு சொடுக்குக்கு 36 ரூபாவுக்கு மேற் கொடுத்தால் நட்டமே. மொத்தமாகக் கொள்வனவு செய்யும் பெருவணிகனுக்கு அதே விற்பனையில் 1,500 ரூபா எஞ்சுகின்றது. அவன் 60 ரூபா வரை கேட்கலாம். தரப்புள்ளி இருவருக்கும் சமமெனில் அவள் தோற்கின்றாள். இனி, அவள் தன் விளம்பரத்தைச் செம்மையாக எழுதி 8 புள்ளி பெற, அவன் அசட்டையால் 4 புள்ளியே பெறுகின்றான் என்க. அவளது பெறுமானம் 36 × 8 = 288; அவனது 60 × 4 = 240. அவள் வெல்கின்றாள். அவனை விஞ்ச அவளுக்குத் தேவைப்படுவது 240 ÷ 8 = 30 ரூபா. 100 சொடுக்குகளுக்கு 3,000 ரூபா செலுத்தியபின் அவளுக்கு 600 ரூபா மிஞ்சுகின்றது.

உத்தியைப் போதிப்போர் கதையை இவ்விடத்தில் நிறுத்திவிடுவர். அடுத்த படியை நாம் நோக்குவோம். தோற்ற பெருவணிகன் ஒரு நிபுணரைச் சம்பளத்துக்கு அமர்த்துகின்றான். அவனது தரப்புள்ளி 6 ஆகின்றது. அப்போது அவனது பெறுமானம் 360. அதனை விஞ்ச அவள் 45 ரூபாவுக்கு மேற் கொடுத்தல் வேண்டும். அவளது எல்லையோ 36. அவள் மீண்டும் வெளியேற்றப்படுகின்றாள். ஆனால், அவள் ஏலத்தில் நின்றமையாலேயே அவன் ஒரு சொடுக்குக்கு 288 ÷ 6 = 48 ரூபா செலுத்த நேர்கின்றது. அவள் தோற்றாலும் அவளது போட்டி ஏலக்காரனின் வருவாயை உயர்த்தியே செல்கின்றது. முதலில் உத்தியைக் கற்றவனுக்குக் கிடைக்கும் ஆதாயம், மற்றையோரும் அதனைக் கற்றதும் மறைந்துவிடுகின்றது. எஞ்சுவது உயர்ந்த வாடகையே. கூகுளின் தாய்க் கம்பனியாகிய அல்பபெற்றின் 2024ஆம் ஆண்டு மொத்த வருவாய் ஏறத்தாழ 35,000 கோடி டொலர். அதில் நான்கிலே மூன்று பங்கு விளம்பரத்திலிருந்து வந்தது. இத்தொகை வானத்திலிருந்து விழுந்ததன்று. விற்பனைப் பண்டங்களின் விலையினுள் மறைந்திருந்து, இறுதியில் நுகர்வோராலும் வணிகராலும் பகிர்ந்து சுமக்கப்படுவதே அது.

4. ஒரு சிறு தாபனத்தின் அனுபவம்

மேற்கூறியவை வெறும் தர்க்கமல்ல என்பதற்கு ஐரோப்பாவில் நிகழ்ந்த வழக்கொன்று சான்றாகும். ஷிவோன் ராப், அடம் ராப் என்ற பிரித்தானியத் தம்பதியர் 'பவுண்டெம்' என்னும் விலை ஒப்பீட்டுத் தளத்தை உருவாக்கினர். 2006 யூனில் அது பொதுப்பயன்பாட்டுக்கு வந்த சில நாட்களிலேயே கூகுளின் வரிசையில் மிகக் கீழே தள்ளப்பட்டது. பிற தேடுபொறிகளில் அது தொடர்ந்தும் முன்னணியில் நின்றது. விளம்பர ஏலத்திலும் அத்தளத்துக்குரிய ஆகக் குறைந்த விலை பன்மடங்காக உயர்ந்தது. 2008இல் பிரித்தானியத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று அந்நாட்டின் சிறந்த விலை ஒப்பீட்டுத் தளம் எனப் பவுண்டெமைத் தெரிவுசெய்தது. எனினும் கூகுளில் அதனைத் தேடிக் காணுதல் அரிதாகவே இருந்தது. பீ.எம்.டபிள்யூ. கம்பனி மீள்வதற்குச் சில நாட்கள் போதுமாயிருந்தன. பவுண்டெம் காத்திருந்ததோ மூன்று ஆண்டுகளுக்கு மேல். இரண்டினதும் தன்மை ஒன்றல்ல என்பது உண்மையே. பிற தளங்களின் உள்ளடக்கத்தையே மீளத் தரும் தளங்களைக் கீழிறக்குவது பயனரின் நன்மைக்கே என்று கூகுள் வாதிட்டது. ஆனால் கூகுளும் அதே காலத்தில் விலை ஒப்பீட்டுச் சேவையொன்றை நடத்தியது. அது அவ்விதிக்கு உட்படாது பக்கத்தின் உச்சியிலே வைக்கப்பட்டது.

இத்தம்பதியரும் பிற சிறு தாபனத்தினரும் செய்த முறைப்பாடுகளின் பேரில் ஐரோப்பிய ஆணைக்குழு 2010 நவெம்பரில் விசாரணை தொடங்கியது. 2017 யூன் 27இல், கூகுள் தனது சேவைக்குச் சட்டவிரோதமான முன்னுரிமை அளித்ததெனக் கண்டு 242 கோடி யூரோ தண்டம் விதித்தது. 2024 செப்டெம்பர் 10இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் அதியுயர் நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. ஆனால் பவுண்டெம் 2016இலேயே மூடப்பட்டுவிட்டது. நீதி வந்துசேர்ந்தபோது கடை இல்லை. சிறுவணிகனின் மூலதனம் பணம் மட்டுமன்று, காலமும் ஆகும் என்பதையும், அக்காலம் பெருங்கம்பனியின் காலத்தைப்போல நீளக்கூடியதன்று என்பதையும் இது காட்டுகின்றது.

மற்றொரு தேடுபொறிக்குச் செல்லலாமே எனச் சிலர் வினவலாம். 2024 ஓகஸ்ட் 5இல் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா வழங்கிய தீர்ப்பு இதற்கு விடை தருகின்றது. கூகுள் பொதுத் தேடற் சந்தையில் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகப் பேணியது என்பது அத்தீர்ப்பு. தொலைபேசிகளிலும் உலாவிகளிலும் தானே முதற்தேடுபொறியாக அமைந்திருப்பதற்காகக் கூகுள் 2021இல் மட்டும் 2,630 கோடி டொலர் செலுத்தியமை அவ்வழக்கில் வெளியாயிற்று. மற்றொரு வீதியில் கடைபோடலாம். ஆனால் ஊரவர் இறங்கும் பஸ்கள் யாவும் ஒரே வீதியில் நிற்குமாறு ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது. 2025 செப்டெம்பரில் அதே நீதிபதி, தனியுரிமை ஒப்பந்தங்களைத் தடைசெய்து, சில தரவுகளைப் போட்டியாளருடன் பகிருமாறு பணித்தார். கம்பனியின் உலாவியைப் பிரித்து விற்கவேண்டும் என்ற அரச தரப்பின் கோரிக்கையை ஏற்றுக்கொள்ளவில்லை.

இதனிடையே வீதியின் அமைப்பே மாறிவருகின்றது. 2024 மேயில் அமெரிக்காவில் கூகுள், செயற்கை நுண்ணறிவு ஆக்கிய விடையைப் பட்டியலுக்கு மேலே இடத் தொடங்கியது. பிறர் எழுதிய பக்கங்களிலிருந்து திரட்டிய விடை அங்கேயே கிடைத்துவிடின், அப்பக்கங்களுக்குச் செல்லவேண்டிய தேவை பலருக்கு எழாது. வாடகை செலுத்தியவனின் கடை வாசலை மறைத்து வீட்டுக்காரனே கடை விரிக்கும் நிலை இதுவெனலாம்.

5. செய்யத்தக்கது யாது?

இவற்றைக் கூறுவதனால் சிறுவணிகர் இணையத்தைப் புறக்கணிக்கவேண்டும் என்பது எமது கருத்தாகாது. வீதி அங்கே இருக்கையில் அதனைப் புறக்கணிப்பவன் பட்டினி கிடப்பான். முன்னர் விளக்கிய செலவற்ற உழைப்பு யாவற்றையும் செய்தல் வேண்டும். விளம்பரத்துக்குச் செலவிடுமுன் ஒரு சொடுக்குக்குத் தான் தாங்கக்கூடிய விலை எதுவெனக் கணக்கிட்டு, அவ்வெல்லையைத் தாண்டாதிருத்தல் வேண்டும். முதலிடம் பெற்றுத்தருவதாக உறுதிகூறுவோரிடம் பணத்தைக் கொடுத்து ஏமாறலாகாது; விதியை ஆக்காதவன் அவ்வுறுதியைத் தர இயலாதென்பது வெளிப்படை. எல்லாவற்றுக்கும் மேலாக, பிறருடைய தளத்தில் மட்டும் தங்கியிராது, தன் பெயரிலமைந்த தளமொன்றையும், தன்னிடம் ஒருமுறை வந்த வாடிக்கையாளரை மீண்டும் நேரே அழைக்கக்கூடிய தொடர்பையும் உடையவனாதல் வேண்டும். ஒருமுறை வாடகை கொடுத்துப் பெற்ற வாடிக்கையாளருக்கு இரண்டாம் முறையும் வாடகை கொடுக்காதிருப்பதற்கு அதுவே வழி.

எனினும் தனியொருவரின் சாமர்த்தியத்தால் வாடகை ஒழிவதில்லை. இவ்விடத்தில் எமது பிரதேசத்தின் அனுபவம் ஒன்று நினைவுகூரத்தக்கது. திருவிதாங்கூர்ச் சந்தையில் தங்கியிருந்த யாழ்ப்பாணத்துப் புகையிலைச் செய்கையாளர், சந்தைக்கும் தமக்கும் இடையே நின்றோரின் பிடியிலிருந்து விடுபடும் நோக்குடன் 1930களில் மலையாளப் புகையிலைக் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தை அமைத்தனர். சந்தைக்குச் செல்லும் வழி ஒருவர் கையில் இருக்கும்போது, தனித்தனியாகப் பேரம் பேசுவதால் விமோசனம் இல்லை என்ற தெளிவு அவர்களிடம் இருந்தது. இன்று ஒரு தொழிலைச் சார்ந்த சிறுவணிகர் ஒருவரோடொருவர் ஏலத்தில் மோதுவதற்குப் பதிலாக, கூட்டுறவு முறையிலே பொதுத் தளமொன்றையும் பொதுப் பெயரொன்றையும் பேணலாம். நிபுணத்துவத்துக்கான செலவைப் பகிர்ந்துகொள்ளலாம்.

சட்டத்தின் துணையும் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் நிறைவேற்றிய டிஜிட்டல் சந்தைகள் சட்டம், வழிமறித்து நிற்கும் பெருங்கம்பனிகள் வரிசைப்படுத்தலில் தமது சேவைகளுக்கு முன்னுரிமை அளிப்பதைத் தடைசெய்கின்றது. 2024 மார்ச்சிலிருந்து அவை அதற்கு அமைந்தொழுகக் கடமைப்பட்டுள்ளன. சிறிய நாடுகள் தனித்து நின்று இத்தகைய சட்டத்தை நடைமுறைப்படுத்துதல் கடினம். ஆயினும் கோரிக்கையின் வடிவம் இப்போது தெளிவாகியுள்ளது: வரிசையின் விதிகள் அறியக்கூடியனவாயிருத்தல், தண்டிக்கப்பட்டவனுக்குக் காரணம் கூறப்படுதல், அவனது கடை மூடப்படுமுன் முறையீடு கேட்கப்படுதல்.

நகரத்துச் சந்தைக் கட்டடத்தின் கடைகளை எம்முறையில் வழங்குவது என்பது பொது விவகாரம் என்பதில் எம்மிடையே கருத்து வேறுபாடு இல்லை. அதுபற்றி உள்ளூராட்சி மன்றங்களில் விவாதிக்கின்றோம். அநீதி நேரின் கேள்வி எழுப்புகின்றோம். தேடுபொறியின் முதற்பக்கமும் இன்று அத்தகைய சந்தைக் கட்டடமே. அதனைத் தொழில்நுட்பம் என்று ஒதுக்கிவிடாது, பொருளியலாகவும் அரசியலாகவும் நோக்கும் கடமை பல்கலைக்கழகத்தினருக்கும் முற்போக்காளருக்கும் உண்டு.